அம்மா எதற்குச் சிரித்தாள்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

வாலு எழுதுகிறேன். நான், உன் மாப்பிள்ளை, எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை மூவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, அண்ணிக்குத் தலைசுற்றல் நின்றதா என்று எழுது.

நேற்று கண் சோதனைக்கு வந்த ஒருவர், காத்திருக்கும்போது புரட்டிய வாரப் பத்திரிகையை நாற்காலியிலேயே விட்டுப் போய்விட்டார். எடுத்து வைக்கலாம் என்று குனிந்தால் நடுப்பக்கத்தில் அம்மா! மொட்டை மாடியில், ஈரப் போர்வைகளுக்கு நடுவே, கையில் துணி கிளிப்போடு, உடைந்த பல் தெரிய வாயைப் பிளந்து சிரிக்கிறாள். சுற்றிலும் போர்வைகள் அவளை வைத்துச் சுழல்கிற மாதிரி குழைந்து கிடக்கின்றன. அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் கீழே பெயரைப் பார்த்தேன். படம் எடுத்தது நீயாம்.

அதோடு விட்டாயா? பேட்டி வேறு. "அம்மாவிடம் நான் ஒரு வேடிக்கை சொன்னேன், அவள் சிரித்த அந்தக் கணத்தை நான் தவறவிடவில்லை" என்று அளந்திருக்கிறாய். அண்ணா, அன்றைக்கு நீ இந்த ஊரிலேயே இல்லை. என் பழைய லென்ஸ், என் சின்ன மிரர்லெஸ் கேமரா, என் வீட்டு மாடி. எடுத்தவள் நான். அம்மா போன அன்று, "தலைமாட்டுல பெரிசா வைக்கலாம், ஃபைலை அனுப்பு, எனக்குத் தெரிஞ்ச இடத்துல நல்லா பிரிண்ட் போடுவாங்க" என்றாய். அழுதுகொண்டே அனுப்பினேன்.

பெயரைத் திருத்திப் போடச் சொல். போனில் பேசிக்கொள்ளலாம் என்று கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். போனில் சொன்னதை மறுநாள் சொல்லவே இல்லை என்பாய். எதுவானாலும் எழுது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 20

என் அன்பு வாலுவுக்கு,

நாங்கள் இருவரும் சுகமே. முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது. மாப்பிள்ளையின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

உன் கடிதம் வந்த உடனே எழுத நினைத்தேன். வேலை தலைக்கு மேல். நீ கோபமாக எழுதியிருக்கிறாய். கோபம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு நுனியில்தானே. ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசி. படம் என்பது பட்டனை அழுத்துவது மட்டும் இல்லை. குப்பையோடு குப்பையாக உன் கம்ப்யூட்டரில் கிடந்ததை இது படம் என்று கண்டுகொண்டது யார்? ஓரத்தில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியை வெட்டியது யார்? வண்ணத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கியது யார்? போகட்டும், அவள் நம் இருவருக்கும்தானே அம்மா. யார் பெயர் இருந்தால் என்ன?

இப்போது ஒரு நல்ல செய்தி. மே மாதம் தொடங்கி ஜூலை வரை இங்கே பெரிய கூடத்தில் என் கண்காட்சி. அம்மா படம் நுழைந்ததும் எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு. முதல் நாள் "பழைய லென்ஸ், புதிய கேமரா" என்று மேடையில் செய்து காட்டுகிறேன். ஒரு கேமரா கம்பெனி என்னைத் தங்கள் முகமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. இரண்டு வருடம் நாடு நாடாகப் போகலாம். அன்றைக்கு நான் செய்வதைப் பார்த்துத்தான் முடிவு. எல்லோரும் கேட்பது அம்மாவைச் சுற்றிப் போர்வைகள் சுழல்கிற அந்தச் சுழலைத்தான். ரேஞ்ச்ஃபைண்டர் என்கிற பழைய ஃபிலிம் கேமரா காலத்து லென்ஸ், என்னிடம் ரொம்ப வருடமாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே அந்த லென்ஸை அனுப்பி வை. முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் மாப்பிள்ளைக்குச் சர்க்கரை கட்டுக்குள். உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத்தான் ரத்தம் ஏறிவிட்டது. மற்றபடி நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

தண்ணீர்த் தொட்டியை வெட்டினாயா! நல்லவேளை சொன்னாய். நான் இத்தனை நாள் அம்மாவை நீதான் பெற்றாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா நம் இருவருக்கும் அம்மாதான். அவளைக் கடைசி மூன்று வருஷம் குளிப்பாட்டியது மட்டும் ஏனோ நான் ஒருத்தி. அதற்கு உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இந்த ஒரு படத்தைத்தான் கேட்கிறேன். அவளோடு சிரித்ததற்கு எனக்கு இருக்கிற ஒரே சாட்சி அது.

கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன். கண்காட்சியில் அந்த ஒரு படத்துக்குக் கீழே மட்டும் என் பெயரைப் போடு. மற்றதெல்லாம் உன்னுடையது, உன் இஷ்டம். போட்டால் லென்ஸை நானே எடுத்துக்கொண்டு வந்து, மேடையில் உன் பக்கத்தில் நின்று எல்லாம் சொல்லித் தருகிறேன். போட மாட்டேன் என்றாலும் சொல்லிவிடு. லென்ஸ் வரும். நான் வர மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு.

வாலு


மார்ச் 9

அன்பு வாலுவுக்கு,

நலம், நலமே நாடுகிறேன். அண்ணி உன்னைக் கேட்டாள்.

நீ கேட்பது நடக்கிற காரியம் இல்லை. அழைப்பிதழ் அடித்தாயிற்று, கண்காட்சிப் புத்தகம் அச்சுக்குப் போயாயிற்று. இப்போது போய் "இது என் தங்கை எடுத்தது" என்றால் மற்றப் படங்களையும் யார் எடுத்தார்கள் என்று கேட்பார்கள். என் இருபது வருட உழைப்பு சந்தி சிரிக்கும். நீ கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாய், உனக்கு இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை. எனக்கு வாழ்வே இதுதான். பெரிய மனது பண்ணு.

இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படாதே. அம்மாவை நான் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். என் கேமரா முன்னால்தான் அவள் இயல்பாக இருப்பாள். அந்தச் சிரிப்பு உனக்குக் கிடைத்தது ஒரு தற்செயல்.

லென்ஸை உடனே அனுப்பு. உள்ளே பூஞ்சை கீஞ்சை இருந்தால் கழற்றித் துடைத்து, சுத்தமாக, எல்லாம் இருக்க வேண்டியபடி இருக்கிறதா என்று பார்த்து அனுப்பு. கண்ணாடி உன் தொழில்தானே. மேடையில் என் மானம் போகக் கூடாது.

அண்ணன்


மார்ச் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நலமாக இருக்கிறோம். அங்கே எப்படி?

லென்ஸ் இந்தக் கடிதத்தோடு வருகிறது. தாமதத்துக்குக் காரணம், நீ சொன்னதை நான் எழுத்துக்கு எழுத்து செய்ததுதான். கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு உட்கார்ந்து, முன்பக்க வளையத்தைக் கழற்றினேன். உள்ளே எல்லாவற்றையும் துடைத்தேன். கண்ணாடிகள் ஒவ்வொன்றும் இருக்க வேண்டியபடி இருக்கிறதா என்று பார்த்து மாட்டினேன். ஒரு தூசி இல்லை, ஒரு கறை இல்லை. செய்து முடித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மாப்பிள்ளை "என்ன ஆச்சு" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

கூடவே அடாப்டர் வளையம் ஒன்று இருக்கிறது. லென்ஸை முதலில் அதில் திருகி, பிறகு கேமராவில் மாட்டு. தானாக ஃபோகஸ் ஆகாது, கையால் திருப்ப வேண்டும். திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்பினால் முடி முடியாகத் தெரியும்.

வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் கேள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன்.

தங்கை


ஏப்ரல் 18

வாலு,

சுகம்தானே? அவசரம், அதனால் சுருக்கமாக. லென்ஸ் வந்தது. பளபளவென்று இருக்கிறது, பெட்டியில் வைத்துக் கண்காட்சிக் கூடத்தில் காட்டினேன், எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் மாட்டினால் கேமரா "லென்ஸ் இல்லை" என்கிறது. பட்டனை அழுத்தினால் அசைய மாட்டேன் என்கிறது. கூடத்தின் மேலாளர், ஒரு அம்மாள், பக்கத்திலேயே நின்றார். "சார்ஜ் இல்லை" என்று சொல்லிச் சமாளித்தேன். என்ன செய்ய வேண்டும்? யாரிடமும் கேட்கவும் முடியாது.

அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உன் கேமராவும் நலம்தான், பயப்படாதே.

இந்த லென்ஸில் மின்சாரமும் இல்லை, சிப்பும் இல்லை. வெறும் பித்தளையும் கண்ணாடியும். அதனால் தன் வாயில் ஏதோ மாட்டியிருக்கிறது என்பதே கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் "லென்ஸ் இல்லாமலும் படம் எடு" என்று ஒரு வரி இருக்கும், அதை இயக்கிவிடு. உன்னிடம் ரொம்ப வருடமாக இருக்கிற லென்ஸ் ஆயிற்றே, தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், நாளைக்கு என்னைக் குறை சொல்லக் கூடாது பார். இந்த லென்ஸ் பிறந்த காலத்து ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் பார்க்கிற ஜன்னல் ஒன்று, படம் விழுகிற வழி வேறு. லென்ஸ் எப்படிக் கிடந்தாலும் ஜன்னலில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். உன் மிரர்லெஸ் அப்படி இல்லை. லென்ஸ் என்ன பார்க்கிறதோ அதைத்தான் திரையில் காட்டும். அதனால் மேடை ஏறும் முன்னால் ஒரே ஒரு தடவை, எங்கேயாவது துணி காய்கிற இடத்தில், அக்கறையாக நாலு படம் எடுத்துப் பார்த்துவிடு.

விழா நன்றாக நடக்கட்டும். முழங்காலைக் கவனி, மேடையில் படி இருக்கும்.

வாலு


மே 16

ஏய்,

என்ன செய்தாய் என் லென்ஸை?

முந்நூறு பேர். மேடையில் கொடி கட்டி, போர்வைகள் தொங்கவிட்டு, விசிறி வைத்து, நடுவில் ஒரு நடிகையை நிறுத்தினேன். பின்னால் பெரிய திரை. எடுத்தேன். மூலை முடுக்கெல்லாம் வெட்டி வைத்த மாதிரி கூர்மையாக வந்தது! போர்வையின் தையல் தெரிகிறது, கிளிப்பின் துரு தெரிகிறது, சுழல் மட்டும் இல்லை. லென்ஸின் திறப்பை மாற்றினேன், கிட்டே போனேன், தள்ளிப் போனேன். பாஸ்போர்ட் படம் மாதிரியே வந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் ஒருவர் எழுந்து, "அந்தப் படத்துல இருக்கற மாதிரி எப்ப வரும் சார்?" என்றார். கூட்டம் சிரித்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "என் தங்கச்சி துடைக்கறேன்னு கழட்டிக் கெடுத்துட்டா" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். உடனே மேலாளர் அம்மாள், "உங்க தங்கச்சி எதுக்குக் கழட்டினாங்க? ரொம்ப வருஷமா உங்க கையிலதான் இருக்குன்னீங்களே? அப்ப அந்தப் படத்தை எடுத்தது யாரு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கேமரா கம்பெனிக்காரர்கள் தேநீருக்குக்கூட நிற்கவில்லை.

நீ வேண்டுமென்றே செய்தாய். கூடப் பிறந்தவள் செய்கிற வேலையா இது? பதில் எழுது.


மே 23

அன்புள்ள அண்ணனுக்கு,

அவசரத்தில் எங்கள் நலம் கேட்க மறந்துவிட்டாய். நலமாக இருக்கிறோம். உன் கடிதம் வந்த அன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

"என் லென்ஸை" என்று எழுதியிருக்கிறாய். பழக்கதோஷம் போலும்.

நான் எதையும் கெடுக்கவில்லை. அந்த லென்ஸ் இப்போது செய்தவன் செய்தபடி இருக்கிறது. நம்பவில்லை என்றால் உன் ஊரில் யார் பெரிய ரிப்பேர்காரரோ அவரிடம் கொண்டு போய்க் காட்டு. "சுத்தமாக, இருக்க வேண்டியபடி" என்று நீ கேட்டாய், கொடுத்தேன். எடுத்துப் பார் என்றேன், நீ பார்க்கவில்லை. பார்க்க மாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். உன்னோடு வளர்ந்தவள் இல்லையா?

சுழல் எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமா? சொல்கிறேன். படத்துக்குக் கீழே என் பெயர். அந்தப் பத்திரிகையில் உன் கையெழுத்தோடு திருத்தம். என் லென்ஸ் என் கைக்கு. மூன்றும் நடந்த பிறகு.

உடம்பைப் பார்த்துக்கொள். இதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

தங்கை


ஜூன் 25

வாலுவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. டாக்டர் ரத்த அழுத்த மாத்திரையை இரண்டாக்கிவிட்டார். அண்ணி என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

லென்ஸைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இங்கே இருக்கிற பெரிய ரிப்பேர்காரர் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா இருக்கற பழைய லென்ஸை நான் பார்த்ததே இல்லை சார், யார் சர்வீஸ் பண்ணது?" என்று கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்.

பெயரை மாற்றியாயிற்று. மேலாளர் அம்மாள் புதுப் பெயர்ச் சீட்டை என்னையே ஒட்ட வைத்தார். திருத்தமும் வந்துவிட்டது, பக்கத்தை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். கண்காட்சியின் கடைசி நாள் உன்னைக் கூப்பிட வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். உனக்கே எழுதியிருப்பார்.

இப்போதாவது சொல். என்ன செய்தாய்? இன்னொன்றும் கேட்கிறேன். அம்மா எதற்குச் சிரித்தாள்? பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். நான் சொன்ன வேடிக்கை என்று இனிமேல் சொல்ல முடியாது.

அண்ணன்


ஜூலை 3

அன்புள்ள அண்ணனுக்கு,

லென்ஸ் வந்தது, பத்திரிகைப் பக்கமும் வந்தது. பக்கத்தைக் கடைச் சுவரில், எழுத்துப் படிக்கும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். வருகிறவர்கள் எழுத்தைப் படித்து முடித்ததும் அதையும் படிக்கிறார்கள். மாத்திரையை வேளை தவறாமல் போடு.

வாக்குக் கொடுத்தபடி சொல்கிறேன்.

அம்மா படுக்கையில் விழுவதற்கு முன்னால், அந்த லென்ஸைப் பழைய சாமான் கடையில் பூஞ்சையோடு வாங்கி வந்தேன். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன் கண்ணாடியைக் கழற்றினேன். அம்மா சும்மா இருப்பாளா? "குடு, நான் துடைக்கறேன், நீ அழுத்தி உடைச்சிடுவே" என்று பிடுங்கி, துண்டால் துடைத்து, அவளே உள்ளே வைத்தாள். திருப்பி வைத்துவிட்டாள். புடைத்த பக்கம் வெளியே இருக்க வேண்டியது உள்ளே போய்விட்டது. கடை வைத்திருக்கிற நான் அதைப் பார்க்காமல் வளையத்தை முறுக்கிவிட்டேன். பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவாக இருந்தால் தூரக்கணக்கு தப்பி எல்லாப் படமும் மங்கிப் போயிருக்கும், லென்ஸைக் குப்பையில் போட்டிருப்பேன். மிரர்லெஸ் திரை உள்ளதை உள்ளபடி காட்டியது. நடுவில் அம்மா தெளிவாக, சுற்றிலும் போர்வைகள் சுழன்றுகொண்டு. அப்படியே எடுத்தேன். நீ ஊருக்குக் காட்டிய மேதைமை அம்மா செய்த தப்பு அண்ணா. வேறொன்றும் இல்லை.

திருப்பி வைத்திருக்கிறாள் என்று அடுத்த வாரமே கண்டுபிடித்தேன். சரிசெய்ய மனது வரவில்லை. அவள் போன பிறகு அதைத் திறக்கவே கூடாது என்று வைத்திருந்தேன். உனக்காகத் திறந்தேன். கண்ணாடியின் உள்பக்க ஓரத்தில் அம்மாவின் பெருவிரல் ரேகை அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் துடைத்தேன். சுத்தமாக அனுப்பு என்று நீதானே சொன்னாய்?

நேற்று மறுபடி திருப்பி மாட்டிவிட்டேன். சுழல் திரும்பி வந்துவிட்டது. ரேகை வராது. நீ பெயரைத் திருடியதைக்கூட ஒரு நாள் மறப்பேன். அதை மறக்க மாட்டேன். உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மா எதற்குச் சிரித்தாள் என்று கேட்டாய். மாட்டி முடித்ததும் நான் எழுந்து நின்றேன். வயிற்றை எக்கி, ஒரு கண்ணை மூடி, கேமராவைத் தூக்கி, உன் குரலிலேயே, "அம்மா! இயல்பா இரு! அசையாதே! இன்னும் இயல்பா! அசையாதேன்னு சொன்னேன்ல!" என்றேன். நீ வரும்போதெல்லாம் ஒரு மணி நேரம் அவளை வெயிலில் நிறுத்துவாயே, அதுதான். அம்மா துணி போடுவதை நிறுத்திவிட்டு, கையில் கிளிப்போடு சிரித்தாள். "போதும்டி, அப்படியே அவன்தான்" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். முந்நூறு பேருக்கு நீ ஆள் உயரத்துக்கு மாட்டிக் காட்டியது உன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

கடைசி நாள் வருகிறேன். உன் மாப்பிள்ளையும் கடையை அடைத்துவிட்டு வருகிறார். மேலாளர் அம்மாள் என்னை மேடையில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பேச வராது, நடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உனக்கும் அண்ணிக்கும் முன் வரிசையில் நடு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சுழலோடு உன்னையும் ஒரு படம் எடுத்து அம்மா பக்கத்தில் மாட்டுவதாக ஏற்பாடு.

வந்துவிடு. வந்து இயல்பாக இரு. அசையாதே.

உன் வாலு